கடல் பக்கம், மலைப் பக்கம்

மொட்டை மாடியிலிருந்து பெயிண்டர் குரல் கொடுத்தார். "அக்கா, இந்தப் பைப்ப அறுத்துப் போட்டுரவா? சும்மாதான நிக்கிது?"

"இருங்க, வாரேன்" என்று சொன்னேனே தவிர, போகவில்லை. கழுவிய டீ டம்ளர்களையே திரும்பக் கழுவினேன். வாசலுக்குப் போனேன். செருப்பை மாட்டினேன், கழற்றினேன். ஒரு துருப்பிடித்த ஆண்டெனா பைப்புக்கு இவ்வளவு யோசனையா என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும்தான் தோன்றியது.

கோட்டைப்பட்டினத்தில் அப்பா கட்டிய வீடு இது. அப்பாவும் அம்மாவும் போனபின் பூட்டியே கிடந்தது. வாடகைக்காவது விடலாமென்று வெள்ளையடிக்க ஆள் வைத்து, லீவு போட்டுவிட்டு புதுக்கோட்டையிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறேன். வந்ததிலிருந்து ஓரிடத்தில் உட்காரவில்லை. உட்காராதது என் பிறவிக் குணம். பள்ளிக்கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து பாடம் நடத்தாத டீச்சர் நான் ஒருத்திதான். வீட்டில் ரிமோட்டைக் கையில் எடுத்தால் என் வீட்டுக்காரர் எழுந்து போய்விடுவார். "ஒண்ணு பாரு, இல்லாட்டிக் குடு. ரெண்டும் இல்லாம எதுக்கு இந்தப் பொட்டியப் போட்டுக் குத்துற?" என்பார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. நூற்றுக்கணக்கில் சேனல் இருக்கிறது, ஒன்றையும் நான் முழுதாகப் பார்த்ததில்லை. அடுத்ததில் இதைவிட முக்கியமான எதுவோ ஓடிக்கொண்டிருக்கிறது, நான் பார்ப்பதற்குள் முடிந்துவிடப் போகிறது என்று விரல் பரபரக்கும். இந்தப் பரபரப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அந்தப் பைப்பிலிருந்துதான் வந்தது.

கடைசியில் மேலே போய்ப் பிடித்துப் பார்த்தேன். உள்ளங்கையில் துரு அப்பிக்கொண்டது. முகர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை வாசம். சிறுவயதில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடெல்லாம் எனக்கு இந்த இரும்பு வாசத்தோடுதான். சோப்புப் போட்டுக் கழுவினாலும் மீன் குழம்பையும் மீறிக்கொண்டு மூக்கில் ஏறும்.

அப்பா அன்னவாசல் பக்கத்து ஆள். கிணற்றைத் தவிர வேறு தண்ணீரை நம்பாதவர். பிழைப்பு அவரைக் கடற்கரைக்குக் கொண்டுவந்து ஐஸ் கம்பெனியில் மெஷின் ஓட்ட வைத்தது. மெஷின் என்று எதைக் கண்டாலும் அவருக்கு ஆசை. எங்கள் தெருவுக்கு முதல் டிவி அப்படித்தான் வந்தது. கறுப்பு வெள்ளைப் பெட்டி, முன்னால் இழுத்து மூடுகிற மரக் கதவு. அம்மா அதற்குத் தினமும் திருநீறு பூசாத குறை.

அந்தக் காலத்தில் எங்கள் ஊருக்குச் சென்னை வராது, டெல்லி வராது. இலங்கை வரும். கடலுக்கு அந்தப் பக்கம்தானே? ஆண்டெனாவைக் கடலைப் பார்த்துத் திருப்பி வைத்தால், வெயில் காலத்துச் சாயங்காலங்களில் படம் கண்ணாடி மாதிரி நிற்கும். எங்களுக்குப் புரியாத சிங்களத்தில் பேசுவார்கள், அழுவார்கள், பல் விளக்குவார்கள். எதுவானாலும் பார்ப்போம். அவர்கள் நாட்டுப் பற்பசை விளம்பரப் பாட்டை அர்த்தம் தெரியாமல் மனப்பாடமாகப் பாடிக்கொண்டு நாங்கள் பள்ளிக்கூடம் போனோம். நான் இன்னும் மறக்கவில்லை. பாடச் சொன்னால் பாடுவேன், யாரும்தான் சொல்வதில்லை.

பார்ப்போம் என்றா சொன்னேன்? திருத்திக்கொள்கிறேன். மற்றவர்கள் பார்த்தார்கள், நான் கேட்டேன். உட்காரத் தெரியாத பிள்ளையை என்ன செய்வது? "மாடிக்குப் போ, கம்பியப் புடி" என்று அம்மா அனுப்பிவிடுவாள். கடல் காற்றுக்கு ஆண்டெனா ஓரிடத்தில் நிற்காது. மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பைப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். நான் மேலிருந்து "வருதா?" என்பேன். ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் தம்பி, உள்ளே இருப்பவர்கள் சொல்வதை வாங்கி எனக்கு அனுப்புவான். "பூச்சி பறக்குது!" "ரெண்டு ரெண்டாத் தெரியிது!" "இன்னுங் கொஞ்சம் அங்கிட்டு!" "ஐயோ போச்சு, இங்கிட்டு, இங்கிட்டு!" எல்லாம் சரியாகிவிட்டால் பதிலே வராது. படத்தில் மூழ்கிவிடுவார்கள். பதில் வராததுதான் எனக்குப் பாராட்டு. பாராட்டு வாங்கிக்கொண்டு அங்கேயே நிற்பேன்.

பிறகு கொடைக்கானல் வந்தது. மலைமேல் கோபுரம் கட்டிவிட்டார்கள், இனிமேல் நம் ஆட்களின் படமே தெரியும், தமிழ்ப் பாட்டு, தமிழ்ப் படம் என்றார்கள். அதற்குள் ஊரில் பத்துப் பதினைந்து வீடுகளில் ஆண்டெனா முளைத்திருந்தது. ஒரே வாரத்தில் எல்லாம் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேற்கே திரும்பின. ஊரே புரண்டு படுத்த மாதிரி இருந்தது. எங்கள் வீட்டு ஆண்டெனா மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. அதற்குக் காரணம் ஜொகரா அக்கா.

அடுத்த வீடு. மாமியாரும் மடியில் ஒரு பையனும் அவருமாக இருந்தார்கள். அவர் வீட்டுக்காரரை நாங்கள் மாமா என்போம். கொழும்பில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை. வருஷத்துக்கு ஒருமுறை வருவார், வரும்போது எங்களுக்கும் சோப்பும் மிட்டாயும் இருக்கும். அங்கே கலவரம் என்று செய்தி வந்ததே, அதோடு அவரிடமிருந்து கடிதம் நின்றுபோனது. கடை எரிந்துவிட்டதாக ஒருவர் சொன்னார். ஆட்கள் தப்பிவிட்டார்கள் என்றார் இன்னொருவர். யாரும் கண்ணால் பார்த்தவர்கள் இல்லை.

அக்கா தினமும் சாயங்காலம் மஹ்ரிப் தொழுதுவிட்டு வந்துவிடுவார். துப்பட்டியைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, அடுப்படி நிலையில் சாய்ந்து, பையனை மடியில் போட்டுக்கொண்டு இலங்கைச் செய்தி பார்ப்பார். வாசிக்கிறவர்களை அவர் பார்ப்பதில்லை. அவர்களுக்குப் பின்னால் காட்டுவார்களே தெரு, பஸ் நிறுத்தம், முகாம், அதைத்தான் பார்ப்பார். கூட்டம் வந்துவிட்டால் கண்ணைச் சிமிட்டாமல், உதட்டை அசைத்து ஒவ்வொரு தலையாகத் தேடுவார். படம் மாறியதும் மூச்சு விடுவார். "இல்லண்ணே" என்று அப்பாவிடம் சொல்வார், அப்பா கேட்காமலேயே.

கொடைக்கானல் வந்ததும் தகராறு வந்தது. அவருக்குக் கடல் பக்கம் வேண்டும், மற்ற எல்லோருக்கும் மலைப் பக்கம் வேண்டும். அப்பா ஒரு சட்டம் போட்டார். "செய்தி முடியிற வரைக்கும் கடப்பக்கம். அப்பறம் யாரு வேணாலும் எங்கிட்டு வேணாலும் திருப்பிக்கங்க." படகுக்கு அடிக்கும் பெயிண்டை வாங்கி வந்து பைப்பின் அடியில் இரண்டு கோடு போட்டார். கடலுக்குப் பச்சை, மலைக்குச் சிவப்பு. கோட்டுக்குக் கோடு சேர்த்தால் போதும், கத்த வேண்டாம் என்பது அவர் கணக்கு. மெஷின் ஆள் அல்லவா? காற்று அவர் கணக்கை ஒருநாளும் மதிக்கவில்லை, நாங்கள் கத்திக்கொண்டேதான் இருந்தோம்.

இதற்கிடையில் அக்கா வீட்டில் வேறொரு பேச்சு கிளம்பியிருந்தது. மாமியாரின் அண்ணன் ஒரு பெரியவர், வெள்ளைத் தாடி, கையில் குடை. அவர் வரும்போதெல்லாம் அக்கா அழுதுகொண்டு எங்கள் வீட்டுக்கு வருவார். மாமா மவுத்தாகிவிட்டார் என்று முடிவு செய்துவிடலாம், அக்கா இத்தாவில் உட்காரட்டும் என்று அவர் சொல்கிறாராம். புருஷன் இறந்தால் பெண்கள் சில மாதம் வெளியில் வராமல் வீட்டோடு இருப்பார்களே, அதுதான். "நான் உக்காந்தா அவுக செத்துருவாகண்ணே" என்றார் அக்கா ஒருநாள். இந்த அக்காவை உட்கார வைத்துவிடக் கூடாது என்று மட்டும் தோன்றியது. உட்காருவதைப் பற்றி எனக்கு அப்போதே நல்ல அபிப்பிராயம் கிடையாது.

அன்று ஒரு வெள்ளிக்கிழமை. கொடைக்கானலில் பாட்டுப் போடுகிற நாள். தெருவே எங்கள் கூடத்தில் இருந்தது. செய்தி எப்போது முடியும், எப்போது திருப்பலாம் என்று எல்லோரும் நெளிந்துகொண்டிருந்தார்கள். நான் மேலே பச்சைக் கோட்டில் பைப்பைப் பிடித்துக்கொண்டு கால் மாற்றிக் கால் மாற்றி நின்றேன். திடீரென்று கீழே ஒரு அலறல். அப்புறம் நாற்காலி விழுகிற சத்தம். தம்பி ஜன்னலிலிருந்து கத்தினான். "அக்கா! ஜொகராக்கா மாமாவப் பாத்துட்டாங்க!"

மாமா வந்தே விட்டார் என்று நினைத்து நான் ஓடினேன். வாசலில் புதுச் செருப்பு ஏதாவது கிடக்கிறதா என்று தேடினேன். அவ்வளவும் ஊர்ச் செருப்புதான். உள்ளே அக்கா பெட்டியின் முன்னால் மண்டியிட்டுக் கண்ணாடியைக் கையால் தடவிக்கொண்டிருந்தார். திரையில் செய்தி வாசிக்கும் பெண் சிரித்த முகமாக வேறு எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இப்ப இருந்தாகண்ணே. ரொட்டிக்கு வரிசைல நின்னாக. தாடி வளந்து போயிருக்கு. நீலக் கட்டம் போட்ட கைலி, நான் எடுத்துக் குடுத்தது. அண்ணே, மறுக்காப் போடச் சொல்லுங்கண்ணே."

மறுக்கா போடச் சொல்ல வேண்டும். யாரிடம் போய்ச் சொல்வது? இன்றைக்கு என் வீட்டுக்காரர் சமையல் குறிப்பைக்கூடப் பின்னால் தள்ளித் தள்ளிப் பார்க்கிறார், உப்பு எவ்வளவு என்று தெரிந்துகொள்ள. அன்றைக்குப் போனது போனதுதான். கூடத்தில் அத்தனை பேர் இருந்தும் யாரும் சரியாகப் பார்க்கவில்லை. எல்லோர் கவனமும் பாட்டில் இருந்தது.

ஆனால் அன்று யாரும் பாட்டுக் கேட்கவில்லை. "திருப்பு" என்று ஒருவர் சொல்லவில்லை. அடுத்த செய்தியில் திரும்பக் காட்டினாலும் காட்டுவான் என்று சொல்லி, தெருவே கடல் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது. நான் மேலே ஓடிப் பச்சைக் கோட்டை இறுக்கிப் பிடித்தேன். திரும்பக் காட்டவில்லை. மறுநாளும் உட்கார்ந்தார்கள். அந்த வாரம் முழுதும் உட்கார்ந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக எல்லோருக்கும் மாமா தெரிய ஆரம்பித்துவிட்டார். மீன் ஏலம் விடுபவர் கிரிக்கெட் கூட்டத்தில் அவரைக் கண்டார். என் தம்பி பற்பசை விளம்பரத்தில் கண்டான்.

குடைப் பெரியவர் வந்தார். நேரே எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்தார். அம்மா டீ கொடுத்தாள். அக்கா அடுப்படி நிலைக்குப் பின்னால் நின்றார்.

"அந்தப் புள்ள என்னத்தையோ பாத்தேங்குது. நீங்க நாலும் தெரிஞ்சவுக. நீங்க பாத்தீகளா?"

அப்பா பொய் சொல்லி நான் கேட்டதில்லை. ஐஸ் கம்பெனியில் மெஷின் நின்றால்கூட "என் தப்பு" என்று தானே போய்ச் சொல்கிறவர்.

"பாத்தேன்" என்றார்.

"நல்லாப் பாத்தீகளா?"

"நல்லாப் பாத்தேன். தாடி. நீலக் கட்டம் போட்ட கைலி."

பெரியவர் மெதுவாகத் திரும்பி எங்கள் டிவியைப் பார்த்தார். மரக் கதவு திறந்திருந்தது. உள்ளே கறுப்பும் வெள்ளையுமாக யாரோ ஒரு அமைச்சர் பாலம் திறந்துகொண்டிருந்தார். பெரியவர் அதையே பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பாவின் காது சிவந்துவிட்டது. எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

பெரியவர் டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நீலமா?" என்றார். "சரி. அப்ப இருக்கான்." போய்விட்டார். இத்தா என்ற பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை. அவரை நான் எவ்வளவோ வெறுத்திருந்தேன். அன்று தெருமுனை வரைக்கும் அவர் பின்னாலேயே போனேன், ஏன் என்று தெரியாமல்.

மாதங்கள் போயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை. சிவப்புக் கோட்டில் படம் ஓடிக்கொண்டிருந்தது, கீழே கூட்டமாக அழுதுகொண்டிருந்தார்கள், கதாநாயகியின் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது. நான் பைப்பில் சாய்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் நிற்கிற பக்கமிருந்து ஒருவர் ஒரு பையைத் தோளில் போட்டுக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி, ஒவ்வொரு வீடாகப் பார்த்துக்கொண்டு நடந்து வந்தார். இளைத்திருந்தார். முகம் மழமழவென்று இருந்தது. டிவியில் எதையுமே பார்க்காத நான்தான் அவரை முதலில் பார்த்தேன். "ஜொகராக்கா! மாமா!" என்று கத்தினேன். படத்தின் அழுகைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. பைப்பை விட்டுவிட்டு இறங்கி ஓடினேன். படம் போய்விட்டதென்று கீழே எல்லோரும் என்னைத் திட்ட ஆரம்பித்தபோது அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

அக்கா எழுந்தார். கிட்டே போகவில்லை. அழவும் இல்லை. முதலில் கேட்டது இதுதான். "தாடிய எடுத்துட்டீகளா மச்சான்?"

"என்ன தாடி? நான் எப்பப் புள்ள தாடி வச்சேன்?"

ரொட்டி வரிசையா, முகாமா, அந்தப் பக்கமே போகவில்லை என்றார் மாமா. கலவரம் என்றதும் மலைத் தோட்டத்துப் பக்கம் ஒரு கூட்டாளி வீட்டுக்குப் போய் அங்கேயே பதுங்கிக் கிடந்திருக்கிறார். கடிதம் போட வழியில்லை. அகதிகளோடு படகு ஏறி ராமேஸ்வரம் வந்து, அங்கே அதிகாரிகள் விசாரித்து விட்ட பின் வருகிறார். நீலக் கைலி கடையோடு எரிந்துவிட்டது.

"சும்மா இருங்க மச்சான்" என்றார் அக்கா. "நான் பாத்தேன்."

"பாத்துச்சு" என்றார் மீன் ஏலம் விடுபவர். "நாங்கல்லாம் இருந்தோம்ல." அம்மா தலையாட்டினாள். தம்பி தலையாட்டினான். மாமா எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, டிவிப் பெட்டியைக் கொஞ்சம் பயத்தோடு பார்த்தார். அது ஈ மொய்த்தது போல் இரைந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு ஆண்டெனா மேற்கேயே நின்றுவிட்டது. சில வருஷத்தில் கேபிள்காரர் வேப்பமரம் விட்டு வேப்பமரம் கறுப்பு ஒயர் இழுத்துக்கொண்டு வந்தார். யாரும் மாடி ஏற வேண்டியதில்லை. தம்பிக்கு ஜன்னல் வேலை போனது. கூடத்தில் ஆள் குறைந்து குறைந்து கடைசியில் நாங்கள் நாலு பேர் மட்டும் மிஞ்சினோம். நான் உள்ளே உட்கார வந்தபோது, கூட உட்கார ஆள் இல்லை.

இவ்வளவும் பைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதே ஓடிவிட்டது. பெயிண்டர் ரம்பத்தோடு காத்திருந்தார். கீழே தெருவில், "யாரு மாடில? பாப்பாவா?" என்று குரல் கேட்டது. ஜொகரா அக்கா. தலை நரைத்து, கொஞ்சம் கூன் விழுந்து, அதே துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். மாமா மவுத்தாகி இரண்டு வருஷமாகிறது. அப்போது துக்கத்துக்கு வந்து போனதோடு சரி, அக்காவை நான் பார்க்கவில்லை. இறங்கிப் போனேன்.

"அத எடுக்கப் போறியளா?"

"துருப்பிடிச்சுப் போச்சுக்கா."

நிமிர்ந்து பைப்பைப் பார்த்தார். "ஒங்க அப்பா பாக்கல" என்றார் திடீரென்று. "அண்ணே பொட்டிக்குப் பின்னாடில நின்னாரு, ஒயரச் சரி பண்ணிக்கிட்டு. எனக்குத் தெரியாதா? எனக்காகச் சொன்னாரு. மாமுவுக்கும் தெரியும், கொடையோட வருவாகளே, அந்தப் பெரியவுகளுக்கு."

அப்பா இருந்திருந்தால் காது சிவந்திருக்கும்.

"மாமா வீடியோ எதும் இருக்காக்கா?" என்று எதையாவது கேட்க வேண்டுமே என்று கேட்டேன்.

"மவன் போன்ல நெறைய எடுத்து வச்சிருக்கான். சாப்புடுறது, பேரனோட வெளயாடுறது, எல்லாம். பாருங்கம்மா, பாருங்கம்மாங்குறான்." செருப்பால் மண்ணைத் தள்ளினார். "எப்ப வேணாலும் பாக்கலாம்ல பாப்பா. அதான் பாக்கவே முடியல. அன்னைக்கிப் பாத்தேனே, கண்ண மூடித் தொறக்கிற நேரம், அதான் இன்னமும் நிக்கிது. அது அவுகளே இல்லன்னாலும்."

நான் திரும்ப மாடிக்கு ஓடினேன், வேறென்ன செய்வது என்று தெரியவில்லை. பைப்பின் அடியில் குனிந்து பார்த்தேன். சிவப்புக் கோடு மங்கலாக இருந்தது. பச்சையை உப்புக்காற்று தின்றுவிட்டது. இருந்தாலும் அந்த இடம் என் கைக்குத் தெரியும். பைப்பைப் பிடித்துத் திருப்பினேன், அசையவில்லை. பெயிண்டரும் என்ன ஏது என்று கேட்காமல் கை கொடுத்தார். கிரீச்சிட்டுக்கொண்டு கடலைப் பார்த்து மெல்லத் திரும்பியது.

கேட்டால் ஒரு கூடமே பதில் சொல்லும், முன்பெல்லாம். ஜன்னல் மூடியிருந்தது. உள்ளே ஈரச் சுண்ணாம்பு வாசத்தைத் தவிர ஒன்றுமில்லை. "வருதா?" என்று வாய்வரை வந்தும் நான் கேட்கவில்லை.

தெருவிலிருந்து அக்காதான் சொன்னார். "போதும். அங்கனயே விடு."

விட்டேன். பெயிண்டர் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு, சுவருக்கு வெள்ளையடிக்கப் போனார்.